பதினான்கு முத்திரைகள்

அக்டோபர் 6
நகர்மையத்துக்கு உயிரூட்டும் பிரிவு இன்று இடம் மாறியது. நகர்மையத்தை விட்டு, புறவழிச்சாலை வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்துக்கு! யாரும் சிரிக்கவில்லை. நகராட்சியும் ஆஸ்பத்திரியும் முன்பே அங்கே போயாயிற்று. பிறகு, கடைத்தெரு ஏன் செத்தது என்று ஆராய ஓர் ஆளை வைக்கிறார்கள். அந்த ஆள் நான். மார்ச் வரை ஒப்பந்தம்.

அக்டோபர் 14
கடைத்தெருவின் சுற்றுப்பலகை திரும்பி வந்தது. அறிவிப்பைச் செருகி முதல் கடைக் கதவில் மாட்டினால் வீடு வீடாகப் போகும். படித்ததற்கு அடையாளமாக, கையெழுத்துக்குப் பதில், ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பெயர் முத்திரையைக் குத்துவார்கள். மொத்தம் பதினான்கு கடைகள். பதின்மூன்றில் ஷட்டர் இறங்கி வருடக்கணக்காகிறது. முடிதிருத்தும் ஒதோவா அம்மா மட்டும் இருக்கிறார்.
பதினான்கு கட்டத்திலும் முத்திரை.
கடைசிக் கட்டம் குஸூமி செருப்புக்கடை. எங்கள் கடை. அப்பா இறந்து இரண்டு வருடம். தொட்டுப் பார்த்தேன். விரலில் சிவப்பு மை ஒட்டியது.

அக்டோபர் 15
அம்மாவிடம் போனில் கேட்டேன். "அந்த முத்திரையா? அப்பா போனப்புறம் நான் கண்ணாலயே பாக்கலையேடா."

அக்டோபர் 20
மத்தியானம் தெருவுக்குப் போனேன். கூரை ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. கேட்க ஒருத்தரும் இல்லை. யாரோ பின்னால் வருவதுபோல் இருந்தது. என் காலடிச் சத்தம்தான். என்னுடையதுதானா?
"வா தம்பி. முடி வெட்டவா, வேவு பாக்கவா?" என்றார் ஒதோவா அம்மா. மடியில் பிஸ்கட் டப்பா. உள்ளே பதினான்கு முத்திரைகள்.
"புதுக் குடியிருப்புக்குப் போனவங்க, எங்களுக்கும் சேத்துக் குத்திடுங்கன்னு குடுத்துட்டுப் போனாங்க. உங்கப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குடுத்தாரு. பலகை நின்னா தெரு நின்ன மாதிரிப்பா."
"என்ன எழுதியிருக்குன்னு படிப்பீங்களா?"
"சுற்றுப்பலகையை எவன் படிக்கிறான்? குத்தி அனுப்புறதுதான்."

நவம்பர் 9
தெருவை இடித்து இருநூறு கார் நிறுத்தப் போகிறார்களாம். பெயர், 'உயிர்த்தெழும் நகர்மையம்'. த்தூ! பதினான்கு வீட்டுச் சம்மத முத்திரையும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திட்டம் இல்லை.
"சம்மதத் தாளைப் பலகையில அறிவிப்புக்கு அடியில செருகிடு குஸூமி. வீடு வீடா யார் ஏறி இறங்குறது?" என்றார் பிரிவுத் தலைவர் நிராசவா. "மார்ச்சுக்கு அப்புறமும் உனக்கு வேலை வேணும்ல?"
செருகினேன். ஒதோவா அம்மா படிக்கமாட்டார் என்று தெரிந்தேதான் செருகினேன்.

நவம்பர் 13
சம்மதத் தாளில் பதின்மூன்று முத்திரை. அப்பாவின் கட்டம் காலி. கூடவே காகிதத்தில் சுற்றிய அவர் முத்திரை.
ஓடினேன். "படிச்சீங்களா?"
"தாளைக் கோணலா செருகியிருந்த. செருப்புக்கடைக்காரன் புள்ள கோணலா எதையும் வைக்கமாட்டானேன்னு படிச்சேன்."
"அப்ப ஏன் குத்தினீங்க? உங்க வீடும்தானே போகுது!"
"அவங்க எல்லாம் போயாச்சு. நானும் பாதி போயாச்சு. மிச்சம் நீதான். குத்து, இல்ல குத்தாம போ. பழியை மட்டும் என் தலையில கட்டாத."

நவம்பர் 14
குத்தவில்லை.

மார்ச் 31
வேலை போயிற்று. அப்பா கடையின் மாடிக்குக் குடிவந்தேன். ஷட்டரைத் தூக்க இரண்டு மணி நேரம்.

ஏப்ரல் 12
ஒதோவா அம்மா மயங்கி விழுந்தார். புறவழிச்சாலையிலிருந்து ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். தூக்கிச் செல்லும்போது டப்பாவை என்னிடம் நீட்டினார். "நிக்க விட்டுறாத."

ஏப்ரல் 15
இறந்துவிட்டார். நாற்பது நிமிடம். நாற்பது!
டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஏப்ரல் 21
காலையில் எங்கள் கதவில் சுற்றுப்பலகை தொங்கியது. எங்கள் கட்டம் தவிர பதின்மூன்றிலும் முத்திரை. ஒதோவா அம்மாவுடையதும்.
அலமாரிக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது; திறந்தேன். டப்பாவில் பதின்மூன்று முத்திரைகளின் முகமும் ஈரச் சிவப்பு.
குப்பை எடுக்கும் நாள் மாறுகிறது என்ற அறிவிப்பு. கடைசி வரி வரை படித்தேன். பிறகு அப்பாவின் முத்திரையை எடுத்துக் குத்தினேன்.