விதைச் சாமை பக்கத்தில் ஒரு பேட்டரி

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி இளங்கோவுக்கு,

அக்கா வளர்மதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். அப்பாவின் இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது. நீ அனுப்பிய பேட்டரி வாசலுக்கு அப்பால் ஈரமண்ணில் தனியாகக் கிடக்கிறது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் வீட்டுக்காரி சங்கீதா சிரிப்பாள். நேற்று மேட்டில் ஏறி நின்று உன்னைக் கூப்பிட்டேனே, நடந்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். வீட்டிலிருந்து பேசலாம் என்றால், அங்கே பேசுவது யார் காதில் விழுகிறது என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் காகிதம்.

பேட்டரி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ஆசிட் பேட்டரியை ஏரிக் கொட்டாயிலிருந்து படகுக்குக் கொண்டுபோக நானும் கூடப் படகு ஓட்டும் பூபதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கல்யாண வீட்டில் அண்டா தூக்குகிற மாதிரி நடப்போம். பாதி ஏரி சுற்றுவதற்குள் மோட்டார் முனக ஆரம்பிக்கும். டூரிஸ்டுகளை வைத்துக்கொண்டு துடுப்பால் தள்ளிக் கரை சேருவோம். நீதான் உங்கள் தூத்துக்குடி படகுப் பட்டறையில் நாலு பேட்டரியை மாட்டி ஓட்டிப் பார்த்தாய். ஸ்கூட்டருக்குப் போடும் மலிவு லித்தியம் வேண்டாம், இரும்பு பாஸ்பேட் கலந்த லித்தியம்தான் வேண்டும், கொஞ்சம் கனம், விலையும் கூட, ஆனால் சட்டென்று கோபப்படாது என்றாய். கோபப்படாத பேட்டரியைத் தேடிப் பிடித்த உனக்குக் கோபப்படாத அப்பா கிடைக்கவில்லையே என்று நான் கேலி செய்தேன். அன்றைக்கும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நீ அத்தை மகள் சுகுணாவை வேண்டாம் என்று அங்கேயே கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அப்பா ஊர்க்கவுண்டர் முன்னால் தலைகுனிந்து நின்றார். மூன்று வருஷமாக உன் பெயர் இந்த வீட்டில் அவர் வாயில் வரவில்லை. சுகுணாவுக்கே வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போதெல்லாம் இளங்கோ எப்படி இருக்கிறான் என்று அவளே விசாரிக்கிறாள். அப்பாதான் இறங்கி வரவில்லை. பேட்டரிப் பெட்டி லாரியில் வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவர் அவர். நீ போனில் பேசும்போது வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருப்பார். முதுகுக்கும் காது உண்டு என்று யார் கண்டது.

புதன்கிழமை காலையில் ஏரிக்குப் போனேன். கொட்டாய் பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் பேட்டரி இல்லை, சார்ஜரும் இல்லை. ஒரு சாவி நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது, இன்னொன்று பூபதியிடம். எனக்கு இருந்த பதற்றத்தில் பூபதியைப் பார்த்துக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். இத்தனை நாள் என்னோடு படகு ஓட்டிய மனுஷன், “ஏனுங்க, என்னையப் பாத்தா திருடனாட்டந் தெரியுதுங்களா” என்று சொல்லிவிட்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அப்பா வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா பெரிய அடுப்பை மூட்டி மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். இளங்கோ அனுப்பிய பேட்டரியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் அழுதுகொண்டே சொன்னேன். அப்பாவின் கஞ்சிப் போசி பாதி வழியில் நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது முகம். எனக்கு அப்போதும் புரியவில்லை.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அம்மா, “என்னமோ தீயுது கண்ணு, ரப்பர் தீயற நாத்தம்” என்று குரல் கொடுத்தார். நான் திரும்புவதற்குள் அப்பா உள்ளே ஓடிவிட்டார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அடுப்புக்கு நேர் மேலே பரணில், விதைச் சாமைப் பானைகளுக்கு நடுவிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினார். ஏணியில் ஏறினார். புகைந்துகொண்டிருந்த சாக்கை இழுத்துக் கீழே எறிந்தார். உருகி ஒட்டியிருந்த சார்ஜரோடு பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். வாசலைத் தாண்டிப்போய் ஈரமண்ணில் குனிந்து வைத்தார். போடவில்லை, வைத்தார். நான் பேயறைந்த மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புகையைப் பார்த்து அல்ல தம்பி. எங்கே என்று யாரையும் கேட்காமல் அவர் நேராகப் பரணுக்குப் போனாரே, அதைப் பார்த்து.

சார்ஜர் வெல்லக்கட்டி போல் இளகிவிட்டது. பேட்டரியின் ஒரு பக்கம் வயிறு உப்பியிருக்கிறது. ஆனால் தீப்பிடிக்கவில்லை. நீ சொன்னபடி அது கோபப்படவில்லை. மேலே மூங்கில், கீழே அடுப்பு, பக்கத்தில் அம்மா. நீ மலிவைப் பார்த்து அந்த இன்னொன்றை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோனது தெரியுமா. நான் திருடனாக்கிய பூபதிதான். சத்தம் கேட்டு பைக்கோடு வந்து, அப்பாவை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொள்ள, ஓட்டினார். அங்கே நாமக்கல் பக்கத்து நர்ஸ் ஒருவர், கட்டுப் போட்டுக்கொண்டே அப்பாவைத் திட்டித் தீர்த்தார். கை இப்படி வெந்துபோகிற வரைக்கும் எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அதற்கு அப்பா சொன்னார்: “பையன் அனுப்புன சாமானுங்க. கீழ போட மனசு வரலீங்க.”

பையன் என்றார் தம்பி. மூன்று வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு நர்ஸிடம் சொன்னார். நான் பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பரண் புகையைவிட அந்தச் சொல்தான் என்னைத் தூக்கிப் போட்டது.

திரும்பி வந்ததும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஈரம் பட்டா அதுக்கு ஆவாதுன்னு சொன்னானில்ல கண்ணு. அந்தக் கொட்டாயில பனி சொட்டுச் சொட்டா எறங்குது. விதை கெடாத எடத்துல இது மட்டும் கெட்டுருமான்னு, ஆணிச் சாவிய எடுத்துட்டுப் போயி ராத்திரியே கொண்டாந்து வெச்சேன். கடுங்குளுருல சார்ஜ் போடக்கூடாதுன்னும் சொன்னான். அதான் சாக்கைப் போத்தி உட்டேன்.”

நீ சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். கறுப்புச் சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டக் கூடாது என்றாயே, அதில்கூட அவர் பிசகவில்லை. ஆசிட் பேட்டரியின் பழைய சார்ஜர் பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. ஆனால் சார்ஜ் ஏறும்போது மூடக் கூடாது, சுற்றிலும் காற்று வேண்டும், சூடான இடம் ஆகவே ஆகாது என்று நீ சொன்ன அன்று அவர் சோளக்காடு சந்தைக்குப் போயிருந்தார். பாதியைக் கேட்டார், பாதி போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எப்படிக் கேட்பார்? கேட்டால் இத்தனை நாளும் காது கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்துபோகுமே. வீம்புக்கு வைத்தியம் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. கோபம் கோபமாக வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது. விதையை வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அந்தப் பரணில் என் கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட வைக்க விட்டதில்லை.

பூபதி வீட்டுக்கு ஒரு வாழைத்தாரோடு போய் மன்னிப்புக் கேட்டேன். தாரை வாங்கிக்கொண்டார், இன்னும் சிரிக்கவில்லை. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. உப்பிய பேட்டரியைத் தொடலாமா, என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை அதன் கிட்டே யாரையும் விடவில்லை. நேற்று அம்மா அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அது பிழைக்குமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, இளங்கோவைத்தான் கேட்க வேண்டும் என்றேன். உன் பெயரைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

அதனால் இதைக் கேள். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய். எடுத்ததும் அப்பா என்று ஆரம்பித்துவிடாதே, எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பேட்டரியைப் பற்றியே பேசு. அதை எப்படிச் சார்ஜ் போடுவது, எங்கே வைப்பது, எதை மூடக் கூடாது என்று முதலிலிருந்து சொல். எனக்குத் தெரியும் என்று பார்க்காதே. அந்தச் சந்தை நாளில் சொன்னதை ஒன்று விடாமல், மெதுவாகச் சொல். நான் ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன்.

நடுவில் ஒரே ஒரு தடவை, அப்பா கை எப்படி இருக்கிறது என்று கேள். நானும் அம்மாவும் பதில் சொல்ல மாட்டோம். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ போனை வைத்துவிடாதே.

அறப்பளீஸ்வரர் உன்னையும் சங்கீதாவையும் காப்பாற்றட்டும். கொஞ்சம் சத்தமாகவே பேசு சாமி. ஓட்டின் மேல் மழை விழுந்துகொண்டே இருக்கிறது, வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காமல் போய்விடும்.

உன் அக்கா,
வளர்மதி