கொசுறுக்குக் கட்டம் இல்லாத நாடுகள்

9-3-1953, திங்கள். புலாவ் செபாங், மலாயா.

இன்று பதினேழு மத்தி டின் விற்றோம், பதினேழையும் குத்தினோம். எந்த டின்னாக இருந்தாலும் வாங்குகிறவர் கண்ணெதிரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சட்டம். ஓட்டை விழுந்த டின் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போவதற்குள் கெட்டுவிடுமாம். காட்டில் என்ன நடக்கிறதோ, எங்கள் கடை மேசை கெட்டுப்போய் வெகு நாளாயிற்று. சாம்பிராணி போட்டாலும் மீன் வாடைதான்.

கடைசி டின்னில் என் வீட்டுக்காரர் கட்டைவிரலைக் குத்திக்கொண்டார். சுத்தியலை மூலையில் வீசினார். "இந்த நாட்டுல மனுசன் கடை வைப்பானா?" நான் துணி சுற்றிவிடும்போதுதான் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். நாலு நாளாக வைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அறந்தாங்கியிலிருந்து அவருடைய அண்ணன் தனபாலன் எழுதியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை காலியாகிறதாம். அங்கே அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்களாம். ஆவணிக்குள் பதில் சொன்னால் பிடித்து வைக்கிறாராம்.

"போயிடலாம் சுசீலா."

அவர் பிறந்த ஊர் அது. நான் இங்கே மலாக்கா தெங்கேராவில் பிறந்தவள். அறந்தாங்கியை நான் தபால் முத்திரையில்தான் பார்த்திருக்கிறேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால் சண்டை போடாமல் பேரம் பேசினேன். "ஆவணி வரைக்கும் டயம் கொடுங்க. எந்த நாட்டுல கடை நடத்துறது லேசுன்னு நான் எழுதிக் கேக்குறேன். எது லேசோ அங்க போவோம்."

சிரித்தார். ஆனால் சரி என்றார். லைசென்ஸ், ரேஷன் புத்தகம், கட்டுப்பாட்டுச் சாமான் ரிஜிஸ்டர் எல்லாம் என் கையெழுத்து. கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்ததற்கு எனக்குக் கிடைத்த வரதட்சணை இது.

10-3-53

நாலு தாள் எடுத்து மலாயா, சிலோன், சிங்கப்பூர், அறந்தாங்கிக்காக இந்தியா என்று நாலு நாட்டின் பெயரை எழுதி, கல்லாவுக்கு மேலே ஆணியில் குத்தினேன். ஒவ்வொன்றிலும் நாலு கட்டம்: எத்தனை லைசென்ஸ், எத்தனை நாளில் கிடைக்கும், யார் யாருக்குச் சலாம் போட வேண்டும், வேண்டாமென்றால் திரும்பி வரலாமா.

22-3-53, ஞாயிறு

மலாயாத் தாளை நானே நிரப்பினேன். கடைக்கு லைசென்ஸ், அரிசிக்குத் தனி, சீனிக்குத் தனி. லாரியில் மூட்டை வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு பாஸ். வாங்குகிறவர் பெயர், அடையாள அட்டை நம்பர், எவ்வளவு என்று ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ஊரடங்குக்கு அரை மணி முன்னால் கதவு சாத்த வேண்டும். எழுதி முடித்தபோது தாளில் இடம் இல்லை.

சிலோனைப் பற்றி ஸ்டேஷன் மாஸ்டர் மகாலிங்கம் அண்ணனைக் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், சுருட்டு வாங்க வந்தார். "பிள்ளை, இந்தியாக்காரர் அங்கை கடை போடுறது இப்ப லேசில்லை. இருக்கிறதுக்கே விசா வேணும். இறக்குமதி லைசென்ஸ் முதல்லை தங்கட ஆக்களுக்குத்தான்" என்றார். உங்களுக்கு லேசாயிற்றே, நீங்கள் ஏன் போகவில்லை என்றேன். "எனக்கு ரயில்வே சம்பளம் காணும். கடை போட்டால் மனுசரோடை கதைக்க வேணுமே!"

சிலோன் தாளில் பாதி நிரம்பியது.

19-4-53, ஞாயிறு

அறந்தாங்கி மைத்துனரிடமிருந்து பதில். நான் எட்டுக் கேள்வி எழுதியிருந்தேன். கடிதம் அவருக்குத்தான் வந்திருக்கிறது, எனக்கு இல்லை. "உன் பெண்டாட்டி என்ன கலெக்டரா?" என்று முதல் வரி. அப்புறம் திட்டுகிற வேகத்தில் உண்மையெல்லாம் கொட்டியிருக்கிறார். அரிசிக் கட்டுப்பாடு இல்லைதான், ஆனால் வெளி வட்டாரத்துக்கு மூட்டை போக பர்மிட். மண்ணெண்ணெய்க்கு லைசென்ஸ். விற்பனை வரிக்குத் தனி நோட்டு. இதெல்லாம் எத்தனை நாளில் கிடைக்கும் என்ற கேள்விக்கு, "ஆளைப் பொறுத்தது." யாருக்குச் சலாம் என்ற கேள்விக்கு, "பியூனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

படித்துக் காட்டினேன். அவர் முகம் சிறுத்துப் போயிற்று. "அண்ணன் பாத்துக்குறேன்னு சொல்லுதுல்ல?" என்றார். ஜெயித்த மாதிரி இருந்தது, ஆனால் சந்தோஷமாக இல்லை.

3-5-53

சிங்கப்பூரிலிருந்து தம்பி வடிவேலு எழுதியிருக்கிறான். லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும், டின் குத்த வேண்டாம், துறைமுகத்தில் எந்த நாட்டுச் சரக்கும் இறங்கும். "ஆனால் அக்கா, கடை வீட்டுக்கு உள்ளே நுழைய மட்டும் டீ மணி என்று வாடகைக் கணக்கில் வராத ஒரு பெரிய தொகை கேட்கிறான். அத்தான் உங்கள் கடையை இரண்டு தடவை விற்றாலும் போதாது."

சட்டம் லேசாக இருக்கிற இடத்தில் சுவர் விலை ஏறிவிடுகிறது போலிருக்கிறது. இதற்கு நான் கட்டம் போடவில்லை.

20-5-53, புதன்

சோதனை. இரண்டு அதிகாரிகள், ஒரு மாத்தா போலீஸ்காரர். அரிசி சரி, மாவு சரி, உப்பு சரி. சீனி பதினெட்டு ராத்தல் குறைகிறது. மூன்று தடவை நிறுத்தார்கள். பதினெட்டுதான்.

சீனிப் பெட்டிக்கு சீல் வைத்தார்கள், அரிசிக்கும் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை கட்டுப்பாட்டுச் சாமான் எதையும் விற்கக்கூடாது. சின்ன அதிகாரி போகும்போது மலாயில் கேட்டுவிட்டுப் போனார், காட்டில் யாரைத் தெரியும் என்று.

21-5-53

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "யாருக்குக் குடுத்தீங்க? உண்மையைச் சொல்லிடுங்க" - இப்படியா ஒருத்தி புருஷனைக் கேட்பாள்? மாத்தா கேட்ட மாதிரியே கேட்டேன்.

"எட்டு வருசமா கூட இருக்கே" என்றார். அவ்வளவுதான். சோறு போட்டேன், தட்டை நகர்த்திவிட்டுப் போய்விட்டார்.

ஜெயிலில் போட்டுவிடுவார்களோ? விசாரணை இல்லாமலே வைக்கலாமாமே. நாடு கடத்திவிட்டால்? அறந்தாங்கிக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தேனே, சர்க்காரே இலவசமாக ஏற்றி அனுப்பிவிடும். ஐயோ, என்ன எழுதுகிறேன்.

22-5-53, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

சோப்பு, வெற்றிலை, விளக்குத் திரி மட்டும் விற்கலாம் என்பதால் கடை திறந்திருந்தது. கல்லாவில் நானும் உட்கார்ந்தேன், பேச்சுவார்த்தை இல்லாமல். ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண் அம்மாவுக்கு வெற்றிலை வாங்க வந்தாள். வாங்கினாள். போகவில்லை. உள்ளங்கையைக் குழித்து நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் கை தானாகச் சீனிப் பெட்டிக்குப் போயிற்று, அரக்கு முத்திரையில் இடித்து நின்றது.

கொசுறு!

கொசுறு என்றால் எனக்குக் கறிவேப்பிலைதான். நிறுத்துக் கட்டிய பிறகு மேலே ஒரு கொத்து வைப்பது. அவர் பெரியவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறார், பிள்ளைகளுக்குக் கையில் ஒரு சிட்டிகை சீனி. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை நாள் என்று பெருக்கினேன். போன கணக்கெடுப்பிலிருந்து நாலு மாதம். பதினெட்டு ராத்தல் தாராளமாக வரும்.

என் கண்ணெதிரேதானே நடந்திருக்கிறது? நான் ரிஜிஸ்டரில் குனிந்திருந்திருப்பேன். விற்றதை எழுத ஒரு கட்டம், வந்ததை எழுத ஒரு கட்டம். கொசுறை விற்பனை என்று யார் எழுதுவார்கள்? எங்களில் எவனும் அதை நிறுக்கவும் மாட்டான், எண்ணவும் மாட்டான். எண்ணினால் அது கொசுறே இல்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். "வெத்தல எடு" என்றார். பேசிவிட்டார், அது போதும்.

4-6-53, வியாழன்

அலோர் காஜாவில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி. ரிஜிஸ்டர் என்னுடையது என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். கொசுறை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில், "தராசு நின்ற பிறகு கையால் கொடுப்பது" என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். நம்பவில்லை. அந்தச் சீனி தோட்டத்துக்குள் போய், அங்கிருந்து வேலி தாண்டிக் காட்டுக்குள் போகவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்றார்.

சாட்சியாக முனியாயி அக்கா வந்திருந்தாள். தோட்டத்துக் கம்பி வேலி வாசலில் பெண்களைச் சோதனை போடுகிறவள். மடிச் சீலையை உதறச் சொல்வாள், கூந்தலை அவிழ்க்கச் சொல்வாள், அவளைக் கண்டால் தோட்டமே நடுங்கும். அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. என் வீட்டுக்காரர்தான் முதல் நாள் போய்க் கேட்டிருக்கிறார்.

"புள்ளைங்க கையை மூடிக்கிட்டு வரும் தொரை. தொறன்னா, சீனி. சாப்பாட்டுச் சாமான் கேட்டுக்கு உள்ள போகக் கூடாது லா, சட்டம். அங்கயே நக்கிட்டு வா, அப்பதான் விடுவேன்னு சொல்லுவேன். நக்கிட்டுக் கையைக் காட்டும். அப்புறம்தான் உள்ள."

இதை ஏன் மேலே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். அவள் வேலையே போயிருக்கும், அந்த ஒரு கேள்வியில். அவள் அசரவில்லை. "வயித்துக்குள்ள போனதை நான் எப்படித் தொரை சோதனை போடுறது?"

மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டு அப்புறம் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை மூடி வைத்தார்.

அபராதம் இருபத்தைந்து வெள்ளி, எச்சரிக்கை. கடைச் சரக்கிலிருந்து கொசுறு கொடுத்தால் அடுத்த தடவை லைசென்ஸ் போய்விடும்.

வெளியே வந்து முனியாயி அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். கையை உருவிக்கொண்டாள். "நாளைக்கு நீ தோட்டத்துக்கு வந்தாலும் ஒன் மடிய உதறத்தான் சொல்லுவேன்" என்றாள்.

8-6-53

சீல் உடைத்தாயிற்று. பிள்ளைகள் வருகிறார்கள், கையை நீட்டுகிறார்கள். இல்லை என்கிறார். அவர் இப்படி இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

19-7-53, ஞாயிறு

மகாலிங்கம் அண்ணன் தானாகவே வந்து சொன்னார். "பிள்ளை, ஆகஸ்ட் முதலாந் தேதி குடிவரவுச் சட்டம் வருகுது. உம்மடை அவர் இந்தியாவிலை பிறந்தவர். போய்க் கனகாலம் நிண்டால், திரும்ப உள்ளுக்கை விடுறது சந்தேகம். போறதெண்டால் போறதுதான், கண்டியோ."

திரும்பி வரலாமா என்ற என் கடைசிக் கட்டத்துக்குப் பதில் வந்துவிட்டது. அவரிடம் உடனே சொல்லவில்லை. சொன்னால் என் பக்கம் தராசைத் தாழ்த்துகிற மாதிரி இருக்கும். ராத்தல் கல்லை ஒளித்து வைத்தவள் மாதிரி ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன்.

20-7-53

சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "பேப்பர்ல போட்டிருந்தான். நீ சொல்றியான்னு பாத்தேன்."

15-8-53, சனி

கொழும்பில் அரிசி விலை ஏறியதற்கு ஊரே கலகமாம், கடைகள் சாத்திக் கிடக்கின்றனவாம். சிலோன் தாளைப் படித்துக் காட்டலாம் என்று எழுந்தேன். "உட்காரு" என்றார்.

நாலு தாளையும் அவரே ஆணியிலிருந்து எடுத்தார். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், மெல்ல மெல்லப் படித்தார். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல எந்த ஊருல கொசுறு குடுக்கலாம்னு கேட்டியா?"

கேட்கவில்லை. எத்தனை லைசென்ஸ் என்று கேட்டேன், எத்தனை நாள் என்று கேட்டேன்.

"அறந்தாங்கில குடுப்பாங்க. யாரும் தடுக்க மாட்டான்" என்றார். தாள்களை அடுக்கியபடியே, "ஆனா இந்தப் புள்ளைங்க அங்க வராதுல்ல?" தாள்களைத் திரும்பக் குத்திவிட்டுக் கடை திறக்கப் போனார்.

23-8-53

ஆவணி பிறந்து ஒரு வாரம். அறந்தாங்கிக்கு அவரே எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. தபால் தலை ஒட்ட மட்டும் என்னிடம் கொடுத்தார்.

6-9-53, ஞாயிறு

மலாக்காவின் கடலோரப் பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். ஊரடங்கு இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. தெங்கேராவில் அப்பா வீட்டில் நேற்று முழு டின் மத்தி வாங்கினார்களாம், ஓட்டையில்லாமல். எங்கள் ஊர் இன்னும் கோட்டுக்கு வெளியே. இரண்டு நாட்டுச் சட்டம் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை, ஒரு பஸ் டிக்கெட் போதும்.

பேசாமல் தெங்கேராவில் கடை போடலாமே என்றேன். "இங்க குத்துறதுக்கு ஆள் வேணாமா?" என்றார். கட்டைவிரல் தழும்பைக் காட்டிச் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து மாதக் கணக்காகிறது.

4-10-53, ஞாயிறு

மாதச் சீனி வந்தது. ரிஜிஸ்டரை எடுத்தால் முதல் வரியில் அவர் கையெழுத்து, கோணல் மாணலாக. எட்டு வருஷத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை. பெயர் மருதமுத்து, குடும்பத்தில் இரண்டு பேர், அடையாள அட்டை நம்பர், எங்கள் பங்குச் சீனி முழுவதும். தனக்குத் தானே விற்று, காசையும் கல்லாவில் போட்டிருக்கிறார். அந்தச் சீனியைத் தனியாக ஒரு போத்தலில் கொட்டி, மூடியில் ஒரு சின்னக் கரண்டி வைத்திருந்தார். கடைச் சரக்கு இல்லை, எங்கள் வீட்டுச் சீனி. பிள்ளைகள் அங்கேயே நின்று நக்கிவிட்டுக் கையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். முனியாயி அக்கா வாசலில் இருந்தால் எப்படியோ, அப்படி.

"டீ?" என்று கேட்டேன்.

"கசக்கும். குடிச்சுப் பழகு."

கடலை, மிளகு, வெந்தயம் மடித்துக் கொடுக்கக் காகிதம் தட்டுப்பாடு. சிங்கப்பூர்த் தாள் போன வாரம் கொத்தமல்லியோடு போய்விட்டது. சிலோனில் சீரகம் கட்டினார். மலாயா, நான் எழுதி நிறைந்திருந்த பெரிய தாள், நாலு பொட்டலத்துக்கு வந்தது. அறந்தாங்கித் தாள் மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, நானும் அதைத் தொடவில்லை.

இன்று கடை சாத்தும்போது நிமிர்ந்து பார்த்தேன். வெறும் ஆணி. யாருக்கு என்ன மடித்துக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் சீனியில்லாத டீ குடித்தோம்.