செவ்வாய்க்கிழமை மாத்திரை

என் உசுருக்கு உசுரான சரசு அக்காவுக்கு,

உன் தங்கை கஸ்தூரி எழுதுகிறேன். நீ போன பிறகு உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனால் இன்று ஒரு நல்ல சேதி. போன வாரம் நான் கீழே விழுந்துவிட்டேன். பதறாதே, எலும்பு உடையவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கடைசி வருஷங்களில் உன் முதுகு வளைந்துகொண்டே வந்தது. உயரமும் குறைந்துபோனது. வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அப்புறம் திருவொற்றியூர் வீட்டில், குளியலறை வாசலில் கால் வழுக்கி உட்கார்ந்தாய். அவ்வளவுதான். இடுப்பு எலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகி, எழுந்திருக்காமலே போய்விட்டாய். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘பார்த்து நடக்கக் கூடாதா’ என்றார்கள். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். “எல்லாம் என் அசமந்தத்தால வந்தது கஸ்தூரி. செல்வியைப் போட்டுப் பாடா படுத்துறேன்” என்று உன் மகளுக்காகவே அழுதாய்.

எனக்கு முதலில் வந்ததும் அதே போலத்தான். நீ போன கொஞ்ச நாளில், தண்டையார்ப்பேட்டையில் தண்ணி லாரி வந்த ஒரு காலை, குடத்தோடு சேற்றில் சறுக்கினேன். பெரிய அடி ஒன்றும் இல்லை, கையை ஊன்றினேன். மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டரம்மா சின்ன வயசுதான். ஆனாலும் விடவில்லை.

“இவ்வளவு சின்ன அடிக்கு எலும்பு உடையக் கூடாதும்மா. உங்களுக்குத் தீட்டு எப்போ நின்னுச்சு?”

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூட வந்திருந்த செல்விதான் முந்திக்கொண்டாள். “சீக்கிரமே நின்னுடுச்சு டாக்டர். நாப்பத்திமூணு, நாப்பத்திநாலு இருக்கும். எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்.”

“அம்மா இப்போ எப்படி இருக்காங்க?”

செல்வி உன் கதையைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தீட்டு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்துகொண்டு வருமாம். வெளியே ஒன்றும் தெரியாதாம், வலிக்கவும் செய்யாதாம். முதுகெலும்பு நசுங்கி நசுங்கித்தான் கூன் விழுமாம். “அவங்க கவனமில்லாம விழுந்தது காரணம் இல்லம்மா. யாரா இருந்தாலும் ஒரு நாள் வழுக்கத்தான் செய்யும். எலும்பு மெலிஞ்சிருந்ததால உடைஞ்சிருக்கு” என்றார்.

அக்கா, கேட்டாயா? உன் அசமந்தம் இல்லை. அதைக் கேட்டதும் கட்டுப் போட்ட கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் கைக்காக அழுகிறேன் என்று நினைத்து என் வீட்டுக்காரர் சோடா வாங்க ஓடினார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றுதான். நான் செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டேன். தினமும் போட வேண்டிய சுண்ணாம்புச்சத்து மாத்திரை தனி. செவ்வாய்க்கிழமை மாத்திரைக்குத்தான் ஏகப்பட்ட சட்டம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீ கூடக் குடிக்கக் கூடாது. உன் தங்கச்சி கேட்பாளா? டீயிலேயே விழுங்கிவிட்டு மறுபடி போய்ச் சாய்ந்துகொண்டேன். நெஞ்சு எரிந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! பக்கத்து வீட்டுப் பெண் வேறு, “இங்கிலீஷ் மருந்து குடலைத் தின்னுடும்க்கா” என்று கிளப்பிவிட்டாள். மாத்திரையைத் தூக்கி மாடத்தில் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் செல்வி வந்து அதைப் பார்த்துவிட்டாள். “இன்னா சித்தி, மாத்திரை அப்படியே கீது?”

“நெஞ்சு எரியுதுடி. உடம்புக்கு ஒத்துக்கல.”

“ஒத்துக்கலன்னா டாக்டராண்ட சொல்லணும். நீயா நிறுத்திட்டு கம்முனு குந்திகினு இருப்பியா? அம்மாவைத் தூக்கித் தூக்கிப் புரட்டுனவ நானு. இன்னொரு தபா என்னால முடியாது சித்தி.”

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டதும் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தொண்டைக்குழாய் புண்ணாகாமல் இருக்கத்தான் அந்தச் சட்டமெல்லாம் என்று விளக்கினார். நெஞ்செரிச்சல் அடங்கட்டும் என்று கொஞ்ச நாள் பொறுத்து, மறுபடி ஆரம்பித்துக் கொடுத்தார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டு வாசலில் நடப்பதுதான் என் வேலை. என் வீட்டுக்காரர் எனக்கு வாசனை வரக் கூடாதென்று தெருமுனைக் கடையிலேயே டீ குடித்துவிட்டு வருகிறார். வந்து, “இன்னா, குந்திக்கினியா? படுக்காத!” என்று ஜெயில் வார்டன் மாதிரி அதட்டுகிறார். எரிச்சல் திரும்ப வரவே இல்லை, அக்கா.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன வாரம் நல்ல மழை. கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பின்னாலிருந்து யாரோ இடித்துவிட்டார்கள். படியிலிருந்து ரோட்டில் விழுந்தேன். இடுப்பு தரையில் மோதியது. “எழுந்துக்கோம்மா, ஒண்ணும் ஆவல” என்று ஒரு மீன்கார அம்மா கை நீட்டினாள். எனக்குக் காலை அசைக்கத் தைரியம் வரவில்லை. மழை முகத்தில் அடிக்கிறது, நானோ உன் கட்டிலைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். இனி என்னை யார் புரட்டுவார்கள்?

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். சேதி கேட்டு ஓடிவந்த செல்வி எக்ஸ்ரே அறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எலும்புக்கு ஒண்ணும் இல்ல. வெறும் வீக்கம்தான்.”

“மாத்திரையாலதானே டாக்டர்?” என்று செல்வி கேட்டாள்.

“அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. மாத்திரை சாப்பிட்டாலும் சிலருக்கு உடையும். ஆனா போன ஸ்கேன்ல எலும்பு பலமாகியிருக்கு. அது நல்லதுதானே?”

நல்லதுதானே என்றா கேட்பது! செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். வீங்கிய இடத்தில் அவள் கை பட்டு உயிர் போனது, இருந்தும் இருவரும் சிரித்தோம். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நொண்டி நொண்டி, ஆனால் என் காலாலேயே நடந்து வந்தேன். அந்த நடை உனக்குக் கிடைக்கவில்லையே என்பது மட்டும்தான் உறுத்துகிறது. உனக்கு அப்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால்?

இன்னொரு சேதியும் உண்டு. உன் மகளுக்கும் இப்போது மாதக்கணக்கு தப்ப ஆரம்பித்திருக்கிறது. “இன்னும் வயசு கீது சித்தி, அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறாள். என்னைத் தரதரவென்று இழுத்துப் போனவள், தனக்கென்றால் நழுவுகிறாள். விடுவேனா? வீக்கம் வடிந்ததும் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். அழைத்தால் வர மாட்டாள். எனக்குத் துணைக்கு வா என்று சொல்லி அழைத்துப்போய், டாக்டரம்மாவுக்கு எதிர் நாற்காலியில் அவளை உட்காரவைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, அக்கா. உன் பெண்ணின் முதுகை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
செல்விக்குச் சித்தி,
கஸ்தூரி