முதல் பெட்டியில் 786

786
சிதம்பரம்

அன்புள்ள ஷாசியாவின் அத்தாவுக்கு, மெகருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் நலம். உங்கள் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள். நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். பக்கத்துக் கட்டிலில் உங்கள் அக்கா வீட்டுக்காரர். அதனால்தான் துபாய் திரும்பும் உபைதுல்லாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என் உயிர் போகிறது. பிளஸ் டூ பிள்ளைகள் எழுதும் நுழைவுத் தேர்வு கம்ப்யூட்டரில்தானாம். பிள்ளைகளையும் வாத்தியார்களையும் பழக்கும் வேலை என் தலையில். ஹெட்மாஸ்டர் தட்சிணாமூர்த்தி சார் மவுஸையெல்லாம் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டு, காணாமப் போயிடும் டீச்சர் என்கிறார். மவுஸ் இல்லாமல் எதைப் பழக்குவது? கேட்டால் சாவியைத் தேடுகிறார்.

போன வாரம் மாதிரித் தேர்வு. முதல் கணக்கு சுலபம், விடை 15. பெட்டியில் டைப் செய்தால் போதும். பாதி வகுப்புக்கு மேல் தப்பு! மெஷின் கோளாறு, மெக்கானிக்கைக் கூப்பிடு என்று ஹெட்மாஸ்டர் குதித்தார். ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்த்தேன். இளமதி 215 என்று போட்டிருக்கிறாள். புள்ளையார் சுழி போடாம எப்புடி டீச்சர் ஆரம்பிக்கிறது, அந்தப் பெட்டி நம்பரைத்தான் எடுத்துக்குது, 2 பாக்க அப்புடியே இருந்துச்சு என்கிறாள். கணக்கு வாத்தியார் ராமாமிர்தம் சார், நானும் அதாம்மா போட்டேன் என்கிறார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நம் ஷாசியா போட்டிருந்தது 78615.

எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதாள். அத்தாதாம்மா சொல்லிக் குடுத்தாங்க, பிஸ்மில்லாவுக்கு 786 போடாம எழுதுனா பயமா இருக்கு என்றாள். ஏன் பயமிருக்காது? இந்தத் தேர்வில் தேறாவிட்டால் உங்கள் அக்கா மகன் தமீம் அன்சாரிக்கே முடித்துவிடலாம் என்று நீங்கள் அக்காவிடம் பேசியது அவளுக்குத் தெரியும். தமீம் நல்ல பிள்ளைதான். ஆனால் என்னைக் கேட்டீர்களா? அவளைக் கேட்டீர்களா?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கடலூரில் தேர்வு. அன்று காலை அவளுக்குப் போன் செய்யுங்கள். 786ஐ மனசுக்குள் சொன்னால் போதும், பெட்டிக்குள் விடை மட்டும் போடு என்று சொல்லுங்கள். நான் சொல்லிக் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். தவறிப்போனாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் எழுதலாம், அத்தா படிக்க வைக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

அதை மட்டும் ஸ்பீக்கரில் போட்டே சொல்லுங்கள்.

துஆவுடன்,
மெகருன்னிசா