அவிழ்த்த தலையோடு சடுகுடு ஆடுவது குறித்து ஏரிநாட்டு அரையருக்கு

மழை தவறாத மலையும் மடை அடைபடாத வயலும் உடைய நீலவரை நாட்டை ஆள்பவரும், எளியோர் முறையிட வந்தால் இருக்கை விட்டு எழுந்து கேட்பவருமாகிய அரசி நெடுங்கோதையாரின் ஆணையால், அவர்களுடைய அமைச்சன் மருதங்கிழான் எழுதும் ஓலை. ஏரிநாட்டின் அரையரும், அந்நாட்டு ஆடுகளத்தின் நடுவரும், முன்னோர் வாளைத் துருவேறாமல் காத்துவருபவருமாகிய நன்னாகர் இதைக் காண்க. உமது ஏரி நிரம்புக. அதன் கரைகள் உறுதியாக நிற்க. உமது மனையில் உள்ளோர் நோயின்றி வாழ்க.

நீர் அனுப்பிய ஓலை கிடைத்தது. உப்பளக்கரை அணியின் ஆட்டக்காரன் கொற்றன், சடுகுடுக் களத்தில் உமது மைத்துனன் சேந்தனின் கூந்தலைத் தொட்டான் என்றும், விதிப்படி அவனுடைய வலது உள்ளங்கையில் சூடு வைக்கப்பட வேண்டும் என்றும், அதற்கு அரச முத்திரை தேவை என்றும் எழுதியிருந்தீர். முத்திரை தரப்படவில்லை. இனியும் தரப்படாது. காரணம் கீழே வருகிறது. முதலில் கொற்றன் அடைபட்டிருக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டு, பிறகு மேலே படிக்கவும்.

இந்த விதி எப்படி வந்தது என்று உமக்குத் தெரியும். தெரிந்தவர் போல் நீர் நடக்காததால் எழுதுகிறேன். அரசியாரின் பாட்டனார் காலத்தில், வடக்கே நாம் தோற்ற போரில், பகைவர் நம் வீரர்களைக் குடுமியைப் பிடித்துத் தெருத்தெருவாக இழுத்துச் சென்றார்கள். மீண்டு வந்தவர்கள் காயங்களைக் காட்டினார்கள். குடுமி இழுபட்டதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகே, போரிலும் ஆட்டத்திலும் ஒருவர் தலைமுடியில் மற்றவர் கை வைக்கலாகாது என்றும், வைத்த கை சுடப்படும் என்றும் விதி செய்தார்கள். விதி நல்லது. அன்று எல்லோரும் முடியை இறுக முடிந்துகொண்டே களத்தில் இறங்கினார்கள். ஆகவே முடியைக் கட்டிக்கொள் என்று எழுதிவைக்க வேண்டும் என யாருக்கும் தோன்றவில்லை. எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் உமது ஆட்டக்காரர்கள் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்.

மடை வேலையைப் பார்வையிட வந்த என்னை, அன்று களத்தின் முதல் வரிசையில் அமர்த்தினீர். அந்த மரியாதைக்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை.

உமது அணியினர் தலையை அவிழ்த்துவிட்டு வந்தார்கள். முன்னால் மார்பு வரை, பின்னால் இடுப்பு வரை, இரண்டு தோள்களையும் மூடிக்கொண்டு முடி தொங்கியது. அது விளக்கெண்ணெயில் ஊறியிருந்தது. அதற்குள் முந்தைய நாள் சூடிய மல்லிகை அழுகிக் கிடந்தது. ஆட்டம் தொடங்கியதும் களத்துப் புழுதி எண்ணெயில் ஒட்டிச் சேறானது. சேற்றில் ஈ மொய்த்தது. ஈ மொய்த்த தலைகளைச் சுழற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பாடி வந்தார்கள். சுழற்றிய போதெல்லாம் துளிகள் தெறித்தன. என் மேலாடையிலும் உதட்டிலும் விழுந்தன. உதட்டைத் துடைத்தேன். துடைத்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் ஆட்டம் முடியும்வரை அதை உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டிருந்தேன்.

மூச்சு விடாமல் பாடிக்கொண்டு கோடு தாண்டி வருபவனை, மூச்சு அறும்வரை பிடித்து நிறுத்துவதே சடுகுடு. உமது ஆட்களைப் பிடிக்க இடமே இல்லை. தோளில் முடி, முதுகில் முடி, கையைச் சுற்றியும் முடி. உப்பளக்கரையார் கையை நீட்டினார்கள், விதியை நினைத்தார்கள், இழுத்துக்கொண்டார்கள். சேந்தன் தன் கூந்தலை இரு கையாலும் முன்னே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் முகத்துக்கு நேரே நடந்தான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: “தொடுங்கடா பாப்போம். தொட்டா கை போச்சு.” உமது பக்கத்துக் கூட்டம் சிரித்தது. நீரும் சிரித்தீர்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன், “ஏலே சேந்தா, ஆட வந்தியா, தலை காயப்போட வந்தியா” என்று கேட்டான். அவன் பக்கத்தில் இருந்த பெண், “பாவம், வீட்ல கொடி அறுந்துபோச்சு போல” என்றாள். அந்தக் களத்தில் நான் கேட்ட அறிவுள்ள பேச்சு அது மட்டுமே.

பிறகு உப்பளக்கரையான் ஒருவன் தன் வாய்க்குள் போன முடியை இரண்டு விரலால் பற்றி இழுத்தான். அது வந்துகொண்டே இருந்தது. அவன் குமட்டினான். நானும் குமட்டினேன். அன்று மாலை உமது மனையில் விருந்து வைத்தீர். நான் சோற்றில் கை வைக்காததை உடல்நலக் குறைவு என்று எண்ணி மருத்துவரை அனுப்பினீர். எனக்கு நோய் எதுவும் இல்லை.

ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். கடைசிப் பாட்டுக்குச் சேந்தன் வந்தான். கொற்றன் குனிந்து, கூந்தல் எட்டாத தாழ்வில், இரண்டு கையாலும் அவன் தொடைகளைக் கட்டிப் பிடித்தான். நல்ல பிடி. சேந்தன் அசைய முடியாமல் நின்றான். மூச்சு தளர்ந்தபோது தலையைக் குனிந்து, கூந்தல் முழுவதையும் கொற்றனின் கைகள் மேல் கொட்டினான். கொற்றன் விடவில்லை. சேந்தனின் பாட்டு அறுந்தது. உப்பளக்கரை வென்றது. நீர் இருக்கையை விட்டு எழுந்து, கொற்றனின் கையைத் திருப்பச் சொல்லி, எண்ணெயில் ஒட்டியிருந்த ஒரு முடியை உள்ளங்கையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினீர். வெற்றி உமது அணிக்கு என்றீர். கொற்றன் உம்மை நோக்கி, “நான் தொடையத்தான் புடிச்சேன் ஐயா. அதுவா வந்து கொட்டுச்சு. கொட்டுனா நான் என்ன பண்ண” என்று கேட்டான். அவனைக் கட்டச் சொன்னீர்.

களத்தில் நடுவர் சொல்லுக்கு மேல் அமைச்சன் பேசலாகாது. ஆகவே நான் பேசவில்லை. ஓலையில் பேசலாம்.

கொற்றனின் மனைவி தலைநகருக்கு நடந்தே வந்து, அரசியார் முன் நின்றாள். அழவில்லை. “சுட்ட கையில உப்பு பட்டா எப்பிடி எரியும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? அவரு தினமும் அதுலதான் கைய வச்சாகணும்” என்றாள். அரசியார் எழுந்து நின்று கேட்டார்கள். பிறகு நீர் அனுப்பிய சான்றைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

சான்றாக அந்த முடியைத் துணியில் முடிந்து ஓலையோடு அனுப்பியிருந்தீர். யார் உமக்கு அந்த யோசனை சொன்னார்கள் என்று அறிய விரும்பவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தேன். துணி முழுவதும் எண்ணெய் ஊறி, அறையெங்கும் உமது ஆடுகளம் நாறியது. முடி என் கைவிரலில் ஒட்டியது. உதறினேன், மறு விரலில் ஒட்டியது. விரல்கள் கறுத்தன. தலைமுடி விரலைக் கறுப்பாக்காது. எனவே சீயக்காய் கரைத்த நீரில் அதை நானே கழுவினேன். எண்ணெய் போயிற்று. விளக்குமை போயிற்று. எஞ்சியது ஒரு முழத்துக்கு மேல் நீண்ட, விறைத்த, தடித்த, வெள்ளை முடி.

சேந்தனுக்கு நரைக்கும் வயதில்லை. ஆனால் அவனிடம் வெள்ளைக் குதிரை இருக்கிறது. உம்மிடம் விடைபெற்றபோது அதை வாயிலில் கண்டேன். வால் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. பின்தொடைகளில் ஈ அப்பியிருந்தது. குதிரை குட்டை வாலை ஆட்டியது, ஈ நகரவில்லை, மறுபடி ஆட்டியது. ஏன் நறுக்கினீர்கள் என்று காவலனிடம் கேட்டேன். அழகுக்கு என்றான். அப்போது அதை நம்பினேன்.

தன் முடி போதாமல் குதிரையின் வாலைச் சவுரியாகக் கட்டி, வெள்ளை தெரியாமல் மை பூசி, மை தெரியாமல் எண்ணெய் தடவி, அந்த அழுக்கை நம் தோற்ற வீரர்களின் மானம் காக்கப் பிறந்த விதியின் நிழலில் நிறுத்தியிருக்கிறான் உமது மைத்துனன். அதற்காக ஒருவன் உள்ளங்கையைச் சுட நீர் நெருப்பு மூட்டியிருக்கிறீர். எழுதும்போதே கை கூசுகிறது.

கழுவிய முடியை அரசியாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்கள். குதிரை முறையிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் வழக்கும் இல்லை என்றார்கள். பிறகு கை கழுவ நீர் கேட்டார்கள்.

இனி ஆணைகள்.

கொற்றன் குற்றமற்றவன். அவன் பிடி நல்ல பிடி என்று உமது களத்தில் முரசறைந்து சொல்லப்பட வேண்டும். அந்த ஆட்டத்தின் வெற்றி உப்பளக்கரைக்கே உரியது. மூட்டிய நெருப்பை அணைக்கவும். சுடுகோலை ஆட்டக்காரர்கள் பார்க்க ஏரியில் எறியவும்.

நீலவரை நாட்டில் இனி ஆடுகளம் புகும் எவரும் முடியைக் கட்டியிருக்க வேண்டும். எப்படிக் கட்டுவது என்பது அவரவர் விருப்பம்; வழிகள் பல உள்ளன, எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். உப்பளக்கரையார் தலையோடு ஒட்டப் பின்னி, நுனியை உள்ளே செருகி, மேலே பருத்தித் துணியை இறுக்கியிருந்தார்கள். புரண்டு எழுந்தபோதும் ஒரு முடி வெளியே வரவில்லை. மலையில் மல்லாடுவோர் முன்னந்தலையை மழித்து, மிஞ்சியதை உச்சியில் நாரால் முடிகிறார்கள். வியர்வை கண்ணில் இறங்குவதில்லை. தலைநகரில் பந்தாடும் பெண்கள் இரட்டைப் பின்னலிட்டு, பிடரியில் சுற்றி, நாடாவால் கட்டுகிறார்கள். விழுந்தால் குத்தும் என்பதால் ஊசி வைப்பதில்லை. அவர்களில் ஒருத்தியின் கூந்தலுக்கு உமது அணி முழுவதும் ஈடாகாது. ஆயினும் அவர்கள் ஆடிய பின் எதிரணி யாரும் வாய்க்குள் விரல் விட்டு நான் கண்டதில்லை. ஆடும் நாளில் எண்ணெய் கூடாது. பூ கூடாது. சவுரி எந்த நாளிலும் களத்தில் கூடாது.

கட்டிய முடியை விதி முன்போலவே காக்கும். அதில் கை வைப்பவன் கை இன்றும் குற்றமுள்ள கையே. வேண்டுமென்றே அவிழ்த்து எதிரியின் மேல் வீசிய முடிக்குக் காப்பில்லை. அங்கே குற்றம் வீசியவனுடையது. தானாக அவிழ்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, கட்டிய பின் தொடர வேண்டும்.

குதிரையின் வால் வளரும்வரை அதை ஈ அண்டாத கொட்டிலில் கட்டி, காலையும் மாலையும் வேப்பிலைப் புகை போடவும். அந்தப் புகையைப் போடும் வேலை சேந்தனுடையது.

இவ்வோலை கிடைத்த மறுநாள் இரு அணியும் மீண்டும் களம் இறங்கும். வெற்றிக்காக அல்ல, உமது ஊரார் ஒரு சுத்தமான ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. கொற்றன் ஆடுவான். உமது அணியினரின் தலைகளை, சவுரியை மட்டும் நீக்கி, எண்ணெய் விதிக்கு அந்த ஒரு நாள் விலக்களித்து, கழுவாமல் அவை இப்போது இருக்கும் நிலையிலேயே, சேந்தனில் தொடங்கி ஒவ்வொன்றாக, ஊர் பார்க்க நீரே உம் இரு கையாலும் சீவி முடிந்துவிட வேண்டும். பணியாளை ஏவலாகாது. முடிந்த பின் கையைக் கழுவாமல் நடுவர் இருக்கையில் அமர்ந்து ஆட்டம் முழுவதும் காண்க. உமது உள்ளங்கையில் எத்தனை முடி ஒட்டியிருக்கிறது என்று கொற்றன் வந்து பார்க்க விரும்பினால், கையைத் திருப்பிக் காட்டவும்.

இது அரசியார் முழுவதும் கேட்டு, ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம் என்று கூறி, தம் கணையாழியால் முத்திரையிட்ட ஓலை. இதை மீறுபவர் நீலவரையின் எந்தக் களத்திலும் நடுவராக அமரார். நீர் நீடு வாழ்க. உமது நாடு தழைக்க.

ஆணை நிறைவேறியதற்கு அடையாளமாக, ஆட்டம் முடிந்ததும், உம் வலது கை விரல்களை இவ்வோலையின் பின்புறம் அழுத்தித் திருப்பி அனுப்பவும். அந்தக் கறையே உமது கைச்சாத்து. கொண்டுவருபவன் தட்டில் வைத்து நீட்டினால் போதும். நான் தொட மாட்டேன்.