பென்சில் குறி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஆறு வருஷத்துக்கு முன் மகன் பெயருக்கு மாற்றிக்கொடுத்த இந்த வீட்டை அவன் விற்கப் போகிறான். வக்கீல் நீதானாம். "பெரியம்மா பார்த்துக்கறாங்க, உனக்கென்னம்மா கவலை?" என்கிறான். கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உன் அலுவலகத்திலிருந்து நாலு பக்கப் படிவம் வந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் புரை, அச்சடித்த பொடி எழுத்து தெரியவில்லை. கையெழுத்துப் போடட்டுமா? அவன் போகும் புது வீட்டில் எனக்கும் ஓர் அறை உண்டுதானே?

உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

வலி அப்படியே இருக்கிறது. நான் விற்பவரின் வக்கீல். உனக்கு ஆலோசனை சொல்வது முறையல்ல. வேறொரு வக்கீலைப் படித்துச் சொல்லச் சொல். இக்கடிதத்தின் நகல் கோப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் செய்வதுபோல், கையெழுத்து வேண்டிய இடங்களில் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன்.

வீட்டை உனக்கு மட்டும் எழுதிவைத்த அன்று அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "பெரியவ படிச்சவ, பொழச்சுக்குவா." பிழைத்துக்கொண்டேன்.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குறும்பு இன்னும் போகவில்லை. கூடப் பிறந்தவளை விட்டு அந்நியனிடம் ஓடுவேனா? என் கணக்கு நோட்டில் நீ பென்சிலால் குறியிட்ட இடத்தில்தான் விடை எழுதுவேன், ஒருநாளும் தப்பானதில்லை. அப்படியே மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு டீச்சர், படித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். "எங்க அக்கா அனுப்பினது, படிக்க என்ன இருக்கு?" என்றேன்.

மாடிப்படி இல்லாத அறையாகப் பார்க்கச் சொல்லு.

உன் தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

படிவம் வந்தது. மூன்று கையெழுத்தும் சரி. வீட்டில் குடியிருப்பவர் தொடர்ந்து வசிக்கத் தமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்து, காலிசெய்து தரச் சம்மதிக்கும் படிவம் அது. அது இல்லாமல் வாங்குபவர் பணம் கட்டமாட்டார். நீ மறுத்திருந்தால் விற்பனை நின்றிருக்கும். டீச்சர் கெட்டிக்காரி.

உன் மகன் வாங்குவது ஒற்றைப் படுக்கையறை வீடு. அதை அவனே சொல்லட்டும் என்றிருந்தேன். அவனுக்கு நா எழவில்லை போலும். முதியோர் இல்லங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சாவியை ஒப்படைத்துவிடு. உன் அறையின் திரைச்சீலைகள் விற்பனையில் சேர்ந்தவை, கழற்றாதே.

பென்சில் குறிகளை அழித்துவிட்டேன். அதுவும் வழக்கம்தான்.

இப்படிக்கு,
விற்பவரின் வக்கீல்