வாய் கழுவிய பிறகு

மகாராணிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் பாப்பாவும் வீட்டைவிட்டுப் போனபிறகு அந்தச் சமையலறைக் குழாயைக்கூடச் சரிசெய்துவிட்டேன்.

இன்று அமைச்சகத்தில் கூட்டம். லித்தியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது, வரத்து எப்போது நின்றுபோகும் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதுதான் இப்போது என் வேலை. சிரிக்காதே.

மேசையில் புதுச் சுரங்கத்தின் மாதிரிக் கல் ஒன்று இருந்தது. பாறைகளை ஆராய்ந்து மலைமலையாக அலைந்த காலத்துப் பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. தூசி போய் நிறம் தெரியட்டுமென்று எல்லார் முன்னாலும் அதை நக்கிவிட்டேன். செயலாளர், "என்ன சார், உப்பு சரியா இருக்கா?" என்றார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே மறிப்பாயே: "கல்ல நக்குன வாயோட பாப்பாவுக்கு முத்தம் குடுக்காதீங்க. மொதல்ல போய்க் கழுவுங்க!"

இன்றும் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்க் கழுவினேன். பிறகு துண்டும் கையுமாகக் கூடத்தில் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பாப்பாவிடம் சொல், அப்பா வாயைக் கழுவிவிட்டார் என்று.

நீ திட்டும்
கல்லுளிமங்கன்